வாசல் நிலையின் அடி கெட்டால் நாமே மாற்றலாம்



தக்காளியில் வாடல், ரோஜாவில் சாம்பல் நோய் என்று எத்தனையோ பேசியிருக்கிறோம். இன்றைக்கு வயலை விட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். வீட்டிலும் வாசலோடு நின்றுவிடுவோம். உங்க வீட்டு வாசல் நிலையின் அடிப்பாகத்தை கடைசியாக எப்போ குனிந்து பார்த்தீங்க?

பாகலூர், பேரிகை வட்டாரத்தில் நிறைய வீடுகளில் இந்தக் கதை உண்டு. மேலே பார்த்தால் நிலை பளபளவென்று பெயிண்டோடு நிற்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு விரலால் அழுத்தினால் உள்ளே போகும். கதவு இறங்கிப்போய்த் தரையில் உரசும், தாழ்ப்பாள் துளைக்கு நேராக வராது. ராத்திரி கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் படுக்கிற வீடும் இருக்கிறது. அந்த இடுக்கு வழியாக எலியும் தேளும் வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். ஆசாரியைக் கூப்பிடலாம் என்றால், நல்ல ஆசாரிகள் பலர் ஓசூரிலும் பெங்களூரிலும் பெரிய கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு சாண் மர வேலைக்கு யார் வருவாங்க? வந்தாலும், 'முழு நிலையும் மாத்திடலாம்'னு சொல்றதுதான் அவருக்குச் சுலபம். முழு நிலையை மாற்றினால் சுவரை உடைக்கணும், பூச்சு போடணும், பெயிண்ட் அடிக்கணும். கெட்டது அடிப்பாகம் மட்டும் என்றால், அந்த அடியை மட்டும் மாற்றினால் போதும்.

நிலைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் நடுவில் உள்ள இடுக்கை மூட ஒரு மெல்லிய மரப்பட்டி அடித்திருப்பார்கள். ஆசாரி அதைப் பீடிங் என்பார். முதலில் சேதி சொல்வது இந்தப் பட்டிதான். இதன் அடியில் பெயிண்ட் கொப்புளித்தால் பின்னால் இருக்கிற நிலைக்கால் ஈரம் குடித்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. பட்டியை மட்டும் மாற்றிப் பெயிண்ட் அடித்து மூடிவிட்டால், புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்ட மாதிரிதான். அடுத்த மழைக்கே திரும்பவும் கொப்புளிக்கும்.

என்ன கெட்டிருக்கிறது என்று முதலில் பாருங்க. ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். மரத்துக்குள்ளே மண் அப்பியிருந்தால் அது செல். தெலுங்கு பேசுகிற வீட்டில் செதலு என்பாங்க, கன்னடம் பேசுகிற வீட்டில் கெத்தலு என்பாங்க. பேர் எதுவானாலும் அது ஏறி வருவது மண்ணிலிருந்துதான். சுவரோரம் மண் குழாய் கட்டியிருக்கும். குழாயை ஓரிடத்தில் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்க. திரும்பக் கட்டியிருந்தால் செல் இன்னும் உள்ளே இருக்கிறது. அப்படியில்லாமல், ஊசி போட்ட மாதிரி சிறு துளைகளும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் அது உளு. மரம் நிறம் மாறி, ஈரமாக, கட்டம் கட்டமாக வெடித்து உதிர்ந்தால் அது பூசணம் பிடித்து மட்கினது.

இதில் ஒரு விஷயம் தாய்மார்கள் கேட்கணும். மரத்தின் நார் குழாய் குழாயாக இருக்கிறது. வெட்டுவாய் தரையில் உட்கார்ந்திருந்தால் விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போலத் தண்ணீரை மேலே இழுக்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்க வைக்கிற பூசணம் வளராது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? வெள்ளிக்கிழமை தோறும் குடத்தோடு தண்ணீர் ஊற்றி வாசல் கழுவுகிறோம். மஞ்சள் பூசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. பூசுங்க, பொட்டு வையுங்க. தண்ணீரை மட்டும் நிலைக்காலில் ஊற்றாமல் துணியால் துடைத்துவிடுங்க. மழைக்காலத்தில் கூரைத் தண்ணீர் வாசலுக்கு நேராகத் தெறிக்கிற வீடுகளில், ஒரு தகரத் தாழ்வாரம் போட்டாலே பாதி வியாதி தீர்ந்துவிடும்.

உளி எடுக்கும் முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளணும். நிலைக்கு மேலே சுவரைத் தாங்குவது எது? கல்லோ, கான்கிரீட் லிண்டலோ இரண்டு பக்கமும் சுவருக்குள் நுழைந்து உட்கார்ந்திருந்தால் கவலை இல்லை. பழைய மண் சுவர் வீடுகளில் சுவரின் பாரம் நேராக நிலையின் தலையிலேயே இறங்கியிருக்கும். அப்படி இருந்தாலோ, நிலைக்கு மேலே சுவரில் சாய்வாக வெடிப்பு தெரிந்தாலோ, கை வைக்காதீங்க. அதற்கு முட்டுக் கொடுத்து வேலை செய்யத் தெரிந்தவர் வரணும். நிலையை ஒட்டி மின்சார வயர் போகிறதா என்றும் பார்த்து மெயினை அணைத்துவிடுங்க.

மரம் விஷயத்துக்கு வருவோம். தேக்கு, வேங்கை, வேம்பு மூன்றும் நல்லதுதான், ஆனால் வைரம் பாய்ந்த பாகமாக இருக்கணும். தேக்கென்று பெயர் சொல்லி வெளிப்புற வெள்ளையைத் தலையில் கட்டிவிடுவார்கள். வெள்ளையைச் செல் தின்னும், அது தேக்காக இருந்தாலும் தின்னும். வரப்பில் நிற்கிற சில்வர் ஓக் வீட்டு உள்ளறைப் பட்டிக்கு ஆகும், ஆனால் வெட்டின ஈரத்தோடு அடித்தால் முறுக்கிக்கொள்ளும். அறுத்து, இடையில் குச்சி வைத்து, நிழலில் சில மாதம் அடுக்கிக் காய வைத்த பிறகே எடுக்கணும்.

ஓசூர் சிப்காட் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கிறதே பெட்டி மரம், அதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வந்த பெட்டியைப் பிரித்த பைன் பலகை. அதில் கோதுமைக் கதிர் படமும் எச்.டி. என்ற எழுத்தும் முத்திரை குத்தியிருக்கும். மரத்தின் நடுப்பாகம் வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்தது என்று அர்த்தம். ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போகாமல் இருக்க 2002-இல் வந்த சர்வதேச விதி அது. 'மருந்து போட்ட மரம், செல் அரிக்காது'னு சிலர் சொல்லி விற்கிறாங்க. அது சரியில்லை. சூடு அன்றைக்கு உள்ளே இருந்த பூச்சியைக் கொன்றது, அவ்வளவுதான். நாளைக்கு வருகிற செல்லை அது தடுக்காது. உள்ளறைப் பட்டிக்கு வாங்கலாம், வாசல் நிலைக்காலுக்கு வேண்டாம்.

எந்த மரமானாலும் அளவுக்கு அறுத்த பிறகு மருந்து கொடுங்க. ஒரு லிட்டர் வெந்நீரில் 25 கிராம் போரிக் அமிலமும் 35 கிராம் வெண்காரமும் கரைத்து, மூன்று நான்கு தடவை பூசி ஊற விடணும். வெட்டுவாயில் இன்னும் தாராளமாகப் பூசணும். இந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும், ஆகையால் காய்ந்ததும் மேலே பெயிண்ட் கட்டாயம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்க. வயலுக்கு வாங்கி மிச்சம் இருக்கிற மருந்தை நிலையில் ஊற்றுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். முன்காலத்தில் செல்லுக்குப் போட்ட ஆல்ட்ரின் 1996-லேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. மண்ணுக்கு மருந்து போடணும் என்கிற அளவுக்குச் செல் இருந்தால் உரிமம் பெற்றவரைக் கூப்பிடுங்க. கிணறு பக்கத்தில் இருந்தால் அதையும் அவரிடம் முதலிலேயே சொல்லுங்க.

இனி வேலை. கதவைக் கழற்றிச் சாய்த்து வையுங்க. பட்டியைப் பிடுங்கும் முன், பட்டியும் பூச்சும் சேருகிற கோட்டில் கத்தியால் ஒரு கீறு போடுங்க. இல்லாவிட்டால் பட்டியோடு பூச்சும் பெயர்ந்து வரும். பிறகு தட்டை உளியை நுழைத்து, உளிக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்து, கீழிருந்து மேலாக மெதுவாக நெம்புங்க. பழைய பெயிண்டைச் சுரண்டும்போது ஈரம் தெளித்துச் சுரண்டுங்க. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின பெயிண்டில் எவ்வளவு ஈயம் இருக்குமோ, அந்தத் தூளைக் குழந்தைகள் மூக்கில் போக விடக்கூடாது.

நிலைக்காலில் கெட்ட பாகத்துக்கு மேலே நல்ல மரத்திலும் மூன்று நான்கு அங்குலம் சேர்த்து வெட்டணும். ஒட்டுப் போடும் முறை எளியதுதான். மாலூர் ஓடு வேய்வதைப் பார்த்திருக்கீங்க இல்லையா? மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படியும், தண்ணீர் உள்ளே போகாது. இங்கேயும் அப்படித்தான். தெருப்பக்கத்தில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், மரத்தின் பாதிக் கனத்துக்கு வெட்டுங்க. வீட்டுப் பக்கத்தில் ஒரு முழ உயரத்தில், மீதிப் பாதிக் கனத்துக்கு வெட்டுங்க. வாள் போகிற மட்டும் போகட்டும், சுவரோரம் மிச்சத்தை உளியால் எடுக்கலாம். இரண்டு வெட்டையும் நடுவில் உளியால் பிளந்து சேர்த்தால் கெட்ட துண்டு கழன்று வரும். பழைய மரத்தின் நாக்கு தெருப்பக்கம் ஆறு அங்குலம் இறங்கி நிற்கும். புதுத் துண்டை அதற்கு ஏற்றபடி வெட்டினால் பழைய நாக்கு அதன் மேல் தொப்பி போல மூடும். நாக்கின் நுனியை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக வெட்டிவிட்டால் தண்ணீர் அங்கே தங்காது.

புதுத் துண்டைத் தரையில் உட்கார வைக்காதீங்க. இந்த வேலையில் முக்கியமான பாகம் இதுதான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல்லுக்கு என்ன பஞ்சம்? மூன்று அங்குல உயரத்தில் நிலைக்கால் அளவுக்கு ஒரு துண்டுக் கல்லைச் சிமெண்டில் பதித்து, ஒரு நாள் இறுக விட்டு, அதன் மேல் மரத்தை நிறுத்துங்க. கல் தண்ணீர் இழுக்காது. செல் ஏறினாலும் கல்லின் மேல் குழாய் கட்டித்தான் ஏறணும், அது நம் கண்ணில் படும். மரத்தின் அடிக்கும், சுவரைத் தொடுகிற பக்கத்துக்கும் தார் பூசுங்க. ஒட்டில் தண்ணீர் தாங்கும் பசை தடவி, தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்து, துருப்பிடிக்காத மூன்று அங்குல ஸ்க்ரூ மூன்று போடணும். முதலில் சிறு துளை போட்டுக்கொண்டு முடுக்கினால் மரம் வெடிக்காது. அடிப்பக்கம் சுவரில் பிளக் வைத்து ஒரு நீள ஸ்க்ரூ. கீழ்க் கீல் புதுத் துண்டில் வருகிறதென்றால் கெட்டி மரம் போட்டதன் பலன் அப்போது தெரியும்.

மறுநாள் பட்டி. பழைய பட்டியில் நல்ல பாகம் இருந்தால் அதை விட்டுவிட்டு அடியை மட்டும் மாற்றலாம், ஒட்டு இதே சரிவில்தான். முழுக்க மாற்றினால் மேல் மூலையில் இரண்டு பட்டியையும் 45 டிகிரிக்கு அறுத்துச் சேர்க்கணும். சுவர் எந்த வீட்டிலும் நூல் பிடித்த மாதிரி இருக்காது, ஆகவே இரண்டு துண்டுக் கட்டையில் அறுத்து வைத்துப் பார்த்த பிறகு நல்ல பட்டியில் வாள் வையுங்க. அடிக்கும் முன்பே பட்டியின் முதுகுக்கும் இரண்டு நுனிக்கும் ஒரு கோட் பெயிண்ட் அடித்துவிடணும். பலரும் முகத்துக்கு மட்டும் அடித்துவிட்டு முதுகை மறந்துவிடுகிறார்கள், ஈரம் ஏறுவதோ முதுகுப் பக்கம். தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி அடியுங்க. ஆணித் தலையை உள்ளே இறக்கி மக்கு வைத்து, உப்புத்தாள் போட்டு, இரண்டு கோட் பெயிண்ட்.

கதவை மாட்டும்போது சுற்றிலும் ஒரு பழைய ஐந்து ரூபாய்க் காசு நுழைகிற அளவு இடைவெளி விடுங்க. வெயிலில் பொருத்தின கதவு மழையில் உப்பும்.

முதல் மழை ஓய்ந்ததும் டார்ச் லைட்டோடு கல்லையும் ஒட்டையும் பாருங்க. ஒட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால் காய்ந்த பிறகு மக்கு வைத்துப் பெயிண்ட் தொட்டுவிடுங்க. கல்லின் மேல் மண் குழாய் தெரிந்தால் அன்றைக்கே தட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்க.