விண்டோஸ் 11 போட்டதும் பழைய ஃபோல்டர் திறக்கலையா? அவசரப்பட்டு ஃபார்மெட் பண்ணிடாதீங்க!

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதனால் பலரும் விண்டோஸ் 11-க்கு மாறி வருகிறார்கள். மாறிய கையோடு சிலருக்கு வரும் தலைவலிதான் 'ஆக்சஸ் டினைடு'.

நாகர்கோவிலில் ஒரு போட்டோ ஸ்டூடியோ என்று வைத்துக்கொள்வோம். புது எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸ் 11 போட்டாச்சு. பழைய ஹார்டு டிஸ்க்கையும் கூடவே மாட்டியாச்சு. அதன் டெஸ்க்டாப்பில் இருந்த கல்யாண ஆல்பத்தைத் திறந்தால், 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்கிறது கம்ப்யூட்டர். படங்கள் போயே போச்சா?

போகவில்லை.

ஏன் இப்படி வருது?

ஒவ்வொரு யூசர் கணக்குக்கும் விண்டோஸ் ஒரு தனி அடையாள எண் கொடுக்கிறது. ஃபைலின் உரிமை அந்த எண்ணில்தான் பதிவாகும். புதிதாக விண்டோஸ் போட்டால் எண்ணும் மாறிவிடும். அதே பெயர், அதே பாஸ்வேர்டு வைத்தாலும் நீங்கள் வேறு ஆள்தான். வீடு உங்களுடையது, பட்டா இன்னும் பழைய பெயரில் இருக்கிற கதைதான் இது.

பட்டா மாற்றுவது எப்படி?

1. அட்மின் கணக்கில் நுழைந்து ஃபோல்டரைத் திறங்கள். 'கன்டின்யூ' கேட்டால் அழுத்துங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

2. திறக்காவிட்டால், ஃபோல்டர் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போங்கள். 'ஓனர்' பக்கத்தில் உள்ள 'சேஞ்ச்' அழுத்தி, உங்கள் யூசர் பெயரை டைப் செய்து 'செக் நேம்ஸ்' கொடுங்கள்.

3. உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் ஓனரை மாற்றும் 'ரிப்ளேஸ் ஓனர்' கட்டத்தில் டிக் செய்து ஓகே கொடுங்கள்.

4. மறுபடி அட்வான்ஸ்டு போய், 'ஆட்' மூலம் உங்கள் பெயரைச் சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுங்கள்.

இதில் கவனம்!

இதை உங்கள் போட்டோ, டாக்குமெண்ட் ஃபோல்டர்களுக்கு மட்டும் செய்யுங்கள். இப்போது ஓடும் சி டிரைவின் 'விண்டோஸ்', 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டர்களில் கை வைத்தால் சிஸ்டமே படுத்துவிடும்.

அதே டிரைவில் ஃபார்மெட் செய்யாமல் விண்டோஸ் 11 போட்டவர்களின் பழைய ஃபைல்கள் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டரில் இருக்கலாம். 10 நாட்களில் அது தானாக அழிந்துவிடும். உடனே வேறு இடத்துக்கு காப்பி செய்யுங்கள்.

பூட்டுப் போட்ட ஃபைல் என்றால்?

பிட்லாக்கர் பூட்டு இருந்தால் ஓனரை மாற்றி பயனில்லை. 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனி ஃபைல்களை என்க்ரிப்ட் செய்திருந்தால், பழைய கணக்கின் சான்றிதழ் இல்லாமல் திறக்கவே முடியாது.

இனிமேல் மாறப்போகிறவர்கள், கம்ப்யூட்டரை சர்வீஸ் கடையில் கொடுக்கும் முன்பே ரெக்கவரி கீயை எழுதி வைத்து, முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.