பெயர் போடாத பேஸ்

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் போகும் தனியார் பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். மல்லூர் தாண்டுவதற்குள் இளையராஜா ஆரம்பித்துவிடுவார். பாடுகிறவர் குரல் முன்பக்கம் எங்கோ கேட்கும். சீட்டுக்கு அடியில் இருக்கிற ஊஃபரிலிருந்து பேஸ் கிட்டார் நேராக முதுகில் ஏறும். லாரிக்கும் ரிக் வண்டிக்கும் பாடி கட்டுகிற சீமை இது. வண்டியில் பாட்டுப் பெட்டி வைப்பதில் கஞ்சத்தனம் காட்டுகிற வழக்கம் இங்கே இல்லை. எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் எந்த இடத்தில் இறங்கும், எங்கே ஏறும் என்பது இந்த ரூட் கண்டக்டருக்கு அத்துப்படி. வாசித்தது யார் என்று கேட்டால்தான் அவரும் விழிப்பார், நாமும் விழிப்போம்.

சாதாரண பேஸ் கிட்டாருக்கு நாலே கம்பி. அதில் தடித்த கம்பியை மீட்டினால் நொடிக்குச் சுமார் 41 அதிர்வு. செல்போன் ஸ்பீக்கர் இதைத் தொடவே தொடாது. டிரம்ஸுக்கும் மெட்டுக்கும் நடுவே நின்று இரண்டையும் கட்டி இழுப்பதுதான் இதன் வேலை. எடுத்துவிட்டால்தான் இருந்தது தெரியும்.

உலகத்தையே ஆட்டிவைக்கிற ஹிப்-ஹாப், கடைகளில் விற்கிற இசைத்தட்டாக மாறியதே இப்படி ஒரு பேஸில் ஏறித்தான். 1979-ல் ‘ஷிக்’ என்ற நியூயார்க் குழு ‘குட் டைம்ஸ்’ என்று ஒரு பாட்டு போட்டது. பேஸ் வாசித்தவர் பெர்னார்ட் எட்வர்ட்ஸ். சில மாதங்களுக்குள் நியூஜெர்சியின் ‘சுகர் ஹில்’ கம்பெனி அதே பேஸை வேறு ஆளை வைத்து வாசிக்கச் சொல்லி, அதன் மேல் மூன்று பையன்களைப் பேசவிட்டது. அதுதான் ‘ராப்பர்ஸ் டிலைட்’. வாசித்த சிப் ஷியரினுக்கு அப்போது வயது 17. பதினைந்து நிமிடம் ஒரு பிசகும் இல்லாமல் அதையே திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். கூலி 70 டாலர். பல வருஷம் கழித்து அவரே சொன்ன கணக்கு இது. எட்வர்ட்ஸும் அவர் கூட்டாளி நைல் ராட்ஜர்ஸும் வழக்குப் போடுவோம் என்று நின்ற பிறகு பாட்டாசிரியர் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியது. கம்பியைத் தொட்ட பையனுக்கு அந்த எழுபதோடு சரி.

அதே சுகர் ஹில்லில் பிறகு நிலையாக உட்கார்ந்தவர் டக் விம்பிஷ். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு ஊர்க்காரர், 1956-ல் பிறந்தவர். கிட்டாருக்கு ஸ்கிப் மெக்டொனால்ட், டிரம்ஸுக்கு கீத் லெப்ளாங்க் என்று மூவரும் அந்தக் கம்பெனியின் ஆஸ்தான வாத்தியக்காரர்கள். 1983-ல் வந்த ‘ஒயிட் லைன்ஸ்’ பாட்டில் உறுமுகிற பேஸ் இவர் கை. அந்த பேஸும் இன்னொரு குழுவுடையதுதான். அதைத் தன் கையால் திருப்பி வாசித்துக் கொடுத்தார். பிறகு மூவரும் லண்டன் பக்கம் போய், ஏட்ரியன் ஷெர்வுட் என்ற தயாரிப்பாளரோடு ‘டாக்ஹெட்’ என்ற குழுவாகி, ஃபங்க்கையும் எந்திரச் சத்தத்தையும் கலந்து அடித்தார்கள். விம்பிஷ் மிக் ஜாகருக்கு வாசித்தார், ஆனி லெனாக்ஸுக்கு வாசித்தார். 1992-ல் ‘லிவிங் கலர்’ ராக் குழுவில் சேர்ந்தார். 1999-ல்தான் தன் பெயரில் தனி ஆல்பம் போட்டார். அதற்குள் அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. பேஸ்காரர்களின் ஜாதகம் பெரும்பாலும் இப்படித்தான்.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? மேற்கத்திய மெட்டு சேலத்துக்குப் புதுச் சரக்கு இல்லை. ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-ல் எடுத்த ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’ படங்களுக்கு வேதா போட்ட பாட்டுகளில் கிளப் டான்ஸ் வாத்தியங்கள் துள்ளும். வேதா பெயர் டைட்டிலில் வரும். வாத்தியக்காரர்கள் பெயர் வராது.

இளையராஜா வந்த பிறகு பேஸ் வெறும் தாளத் துணையாக இல்லாமல் இரண்டாவது மெட்டாகவே ஓட ஆரம்பித்தது. நோட்டில் அவர் எழுதித் தருவதை அப்படியே வாசிக்க வேண்டும். எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் ரெக்கார்டிங் செய்த காலம் அது. நாலாவது நிமிடத்தில் பேஸ் ஒரு சுரம் தவறினால் பாடகரும் வயலின்காரர்களும் சேர்ந்து மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் சசிதரன். இளையராஜா இசையமைத்த ‘நிழல்கள்’ படம் 1980-ல் வந்தது. அதில் வரும் ‘மடை திறந்து’ பாட்டை எடுத்துத்தான் மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா 2006-ல் ‘வல்லவன்’ ஆல்பத்தில் தமிழ் ராப்பாகப் போட்டார்கள். நம் ஊர் டவுன் பஸ் வரைக்கும் ராப் வந்ததற்கு அந்தப் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் ஷிக் செய்த வேலையைத் தமிழ் ராப்புக்கு இளையராஜாவின் வாத்தியக்காரர்கள் செய்தார்கள் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ரஹ்மான் தன் கேசட், சி.டி. அட்டைகளில் வாசித்தவர்களின் பெயரை அச்சிட்டது சின்ன விஷயமில்லை. சென்னையின் கீத் பீட்டர்ஸ் பல்லாண்டாக அவருக்கு ஸ்டூடியோவிலும் மேடையிலும் வாசிக்கிறார். அந்தப் பெயரை நாம் படித்தது அந்த அட்டைகளில்தான். அமெரிக்காவிலும் நிலைமை பெரிதாக மாறுபட்டதில்லை. மோடவுன் கம்பெனியின் எத்தனையோ ஹிட் பாட்டுகளைத் தாங்கிய ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயரை அட்டையில் பார்க்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது ராப் பாட்டுகளில் பேஸ்காரரே தேவைப்படுவதில்லை. 1980-ல் ரோலண்ட் கம்பெனி விட்ட டிஆர்-808 என்ற தாள எந்திரத்தின் ‘தும்ம்’ என்று நீளும் டிரம் ஒலியையே சுரம் மாற்றி பேஸாக வைத்துவிடுகிறார்கள். லேப்டாப் போதும். எனக்கு அதில் குறையில்லை. பஸ் ஊஃபரில் அதுவும் நன்றாகத்தான் அதிர்கிறது. ஆனால் அது தப்பு செய்வதில்லை, தாளத்துக்கு ஒரு இம்மி பின்னால் சாய்ந்து நிற்பதுமில்லை. ஃபங்க்கின் ருசியே அந்தச் சாய்மானம்தான்.

ஆடி மாதம் சேலத்து மாரியம்மன் கோயில் திருவிழாக்களில், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துக் கல்யாணங்களில் இன்னும் மெல்லிசைக் குழுக்கள் வாசிக்கின்றன. பல மேடைகளில் பேஸ் கிட்டார் போய், கீபோர்டுக்காரரின் இடது கையோ கரோக்கி டிராக்கோ அந்த வேலையைப் பார்க்கிறது. ஆள் குறைந்தால் செலவு குறையும், நியாயம்தான். மிச்சம் இருக்கிற சில பேர் மேடையின் ஓரத்தில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிறார்கள்.

விழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃப்ளெக்ஸில் பாடகர் படத்தையும் நன்கொடையாளர் படத்தையும் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடுங்கள். கீழே ஒரு வரியில் ‘பேஸ் கிட்டார்’ என்று எழுதி, வாசிக்கிறவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அதற்குத் தனியாகக் காசு ஆகாது.