பதினாறே நகர்வில் ஒரு சமன்

சதுரங்கத்தில் சமன் என்றால் இருவரும் சலித்துப்போய்க் கைகுலுக்கிக்கொண்டார்கள் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். 2013 நவம்பர் 9 அன்று சென்னையில் தொடங்கிய உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டம் அந்த எண்ணத்தை மாற்றும். வெள்ளைக் காய்கள் மேக்னஸ் கார்ல்சனுக்கு. கறுப்பு, நடப்பு வெற்றியாளர் விசுவநாதன் ஆனந்துக்கு.

கார்ல்சன் நடுச் சிப்பாய்களைத் தொடாமல் முதலில் ராஜா பக்கத்துக் குதிரையை எடுத்தார். பிறகு ஜி சிப்பாயை ஓரடி தள்ளி, அது விட்ட கட்டத்தில் மந்திரியை வைத்தார். மூலையோரம் நிற்கும் இந்த மந்திரிக்குப் பலகை முழுதும் குறுக்காகப் பார்வை கிடைக்கும். ஆனந்தும் அதே அமைப்பைக் கட்டினார். கார்ல்சன் மறுபுறத்திலும் ஒரு மந்திரியை அப்படியே நிறுத்தினார்.

11ஆம் நகர்வில் வெள்ளைச் சிப்பாய் ஒன்று முன்னேறி ஆனந்தின் குதிரையை விரட்டியது. குதிரையோ பின்வாங்காமல் சி4 கட்டத்தில் குதித்து, பி2இல் இருந்த மந்திரியைத் தாக்கியது. மந்திரி புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. ஆனந்தின் இன்னொரு குதிரை டி5இல் வந்து நின்றது.

கார்ல்சனின் ராணி பி3க்கு வந்து சி4 குதிரையைக் குறிவைத்தது. குதிரை ஏ5க்குத் தாவி ராணியையே தாக்கியது. ராணி எங்கே போகும்? சி2க்குப் போனால் கறுப்பு மந்திரி வெட்டும். பி4க்குப் போனால் டி5 குதிரை வெட்டும். டி1க்குத் திரும்பினால் சி3இல் உள்ள சொந்தக் குதிரைக்குக் காவல் இருக்காது. அதனால் ராணி ஏ3க்கு விலகியது. கறுப்புக் குதிரை மறுபடி சி4க்கு வந்து அங்கேயும் அதைத் தாக்கியது. ராணி பி3, குதிரை ஏ5, ராணி ஏ3, குதிரை சி4. ஒரே நிலைகள் திரும்பத் திரும்ப வந்ததால் 16ஆம் நகர்வோடு ஆட்டம் சமன்.

முதலில் நகர்த்தும் வெள்ளைக்கே இயல்பாகச் சற்று அனுகூலம் என்பதால், கறுப்போடு ஆடியவருக்கு அந்த அரைப் புள்ளி லாபம். போட்டியைக் கார்ல்சன் 6.5-3.5 என வென்றார் என்றாலும் முதல் நாள் கணக்கு ஆனந்துக்கே சாதகம்.

சாலாக் செலாத்தான் வட்டாரத்திலிருந்து போட்டிக்குப் போகும் பிள்ளைகள், நிலை இப்படித் திரும்ப வருவதால் கிடைக்கும் சமனின் விதியையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒரே நிலை, ஒருவரே நகர்த்த வேண்டிய முறையில், மூன்றாம் தடவை வரப்போகிறதா? காயைத் தொடாதீர்கள். நகர்வைத் தாளில் எழுதி நடுவரிடம் சமன் கேளுங்கள். காயைத் தொட்டுவிட்டால் அந்த நகர்வில் கேட்கும் உரிமை போய்விடும்.