பூட்டியவர் போனபின் சாவி யாரிடம்?

மென்பொருளை எதைக் கொண்டு பூட்டுவது: டாங்கிளா, சீரியல் எண்ணா, இணையவழி ஆக்டிவேஷனா, மாதச் சந்தாவா? புதுச்சேரியில் மென்பொருள் எழுதி விற்கும் சிறிய நிறுவனத்துக்கு முதல் பிரதியை விற்குமுன் வரும் கேள்வி இது. பேச்செல்லாம் திருட்டைத் தடுப்பதைப் பற்றியே இருக்கும். காசு கொடுத்து வாங்கியவரின் கதியை யாரும் கேட்பதில்லை.

பழைய டி.டி.பி. கடைக்காரர்களுக்கு அந்தக் கதி தெரியும். 1990-களில் தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருள்கள் பல டாங்கிள் என்ற சிறு பூட்டுக் கருவியோடு வந்தன. 25 பின் பேரலல் போர்ட்டில் அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். எழுத்துருக் குறியீடும் ஆளுக்கொரு விதம். கும்பாபிஷேக மலர், கவிதைத் தொகுப்பு, ஊர் வரலாறு எல்லாம் அந்த மென்பொருள்களில் உருவான கோப்புகளில்தான் இருக்கின்றன. இன்றைய மடிக்கணினிகளில் அந்தப் போர்ட்டே கிடையாது. டாங்கிள் பழுதானால் மாற்றித்தர, விற்றவர் தொழிலில் இருக்க வேண்டுமே!

ஆக்டிவேஷனில் ஆபத்து இன்னும் அதிகம். லைசென்ஸைச் சரிபார்க்கும் சர்வரை நிறுவனம் நிறுத்திவிட்டால், கணினியை மாற்றிய அன்றே லைசென்ஸ் செத்துவிடும். 2019-ல் ஒரு பன்னாட்டு நிறுவனம் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது, புத்தகங்கள் போய்விட்டன.

ஒன்றை விற்றால் ஊரே காப்பி எடுக்கிறது என்ற தயாரிப்பாளர்களின் குறையிலும் நியாயம் உண்டு. சட்டமும் அவர்கள் பக்கம் நிற்கிறது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால், பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்ந்த 65ஏ பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை. முறைப்படி வாங்கியவர் பாதுகாப்புக்காகப் பிரதி எடுத்துக்கொள்ள 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால், கடையை மூடுகிறவர் பூட்டைத் திறந்துவிட்டுப் போகவேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

பிரதியின் அருமை புதுச்சேரிக்குத் தெரியும். இங்கு வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு 1846-ல் வெளிச்சத்துக்கு வந்தபின் பிரதிகள் எடுக்கப்பட்டன. ஒன்று பாரிஸ் தேசிய நூலகம் சேர்ந்தது. சென்னை அரசு எடுத்த பிரதியைக் கொண்டு 1904-க்கும் 1928-க்கும் இடையே ஆங்கிலத்தில் 12 தொகுதிகள் வந்தன. பூட்டிய கோப்புகளில் இருக்கும் நம் காலத்து எழுத்து எத்தனை ஆண்டு தாங்கும் என்பதுதான் கவலை.

ஆகவே, வாங்குபவர் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்: இணையம் இல்லாமலும் மென்பொருள் ஓட வேண்டும், கோப்புகளை யூனிகோடில் வெளியே எடுக்க வழி வேண்டும், நிறுவனம் மூடப்பட்டால் பூட்டை நீக்கும் சாவி வாடிக்கையாளருக்கு வந்துசேர, அது இப்போதே ஒரு மூன்றாம் நபரிடம் இருக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காதவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.