பகலில் மும்முனை மின்சாரம்… அணுவும் சூரியனும் சேர்ந்தால் சாத்தியமா?

நந்தன் கால்வாயில் தண்ணீர் வந்து பனமலை ஏரி நிறைந்தால் நெல்லுக்குக் கவலையில்லை. வராத ஆண்டில் கிணறும் மோட்டாரும்தான் கதி. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால், டார்ச் லைட்டோடு வரப்பில் இறங்க வேண்டும். பாம்பு பயம் வேறு.

தமிழகத்தில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். அது எந்த நேரத்தில் கிடைக்கும் என்பதுதான் இப்போதைய கேள்வி. உற்பத்தியாகும் இடத்தில்தான் அதற்கு விடை இருக்கிறது.

கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள 2 அணு உலைகள் இரவு, பகல் பார்க்காமல் ஒரே சீராக ஓடுகின்றன. முப்பந்தல் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை வேகமெடுக்கும். கமுதி போன்ற சூரிய மின் நிலையங்கள் நண்பகலில் உச்சம் தொட்டு, பொழுது சாய்ந்தால் அடங்கிவிடும்.

சிக்கல், வீடுகளில் விளக்கு எரியும் மாலை நேரம்தான். சூரியன் போன இடத்தை அணு உலை மட்டும் நிரப்ப முடியாது, சேமிப்பு வேண்டும். 400 மெகாவாட் கடம்பாறை நிலையம், உபரி மின்சாரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே இறக்கி மின்சாரம் எடுக்கிறது.

பம்புசெட்டுக்கு இந்தச் சிக்கலே இல்லை. வெயில் இருக்கும்போதே இறைத்துவிட்டால், ஈரத்தை மண் சேமித்துக்கொள்ளும். பகலில் மோட்டார் ஓடினால் மாலைச் சுமையும் குறையும். விவசாயியும் இரவில் தூங்கலாம்.

சோலார் பம்புசெட் மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுகலாம். ஆனால், வெயில் இலவசம் என்பதற்காக நாள் முழுக்க இறைத்தால் கிணறு தாங்காது. சொட்டுநீரையும் சேர்த்தே யோசியுங்கள்.