நீலம் வந்தால் சபாஷ்!

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ பக்கம் குடியிருக்கும் நண்பர், மொட்டை மாடி டிரம்மில் சமையலறைக் கழிவைப் போட்டு காஸ் எடுக்கிறார்.

"பழைய சிலிண்டர் அடுப்பையே மாட்டிடலாமே சார்?" என்றேன்.

"மாட்டலாம்... எரியணுமே!" என்று சிரித்தார்.

கணக்கு இதுதான். 1 லிட்டர் சிலிண்டர் காஸ் முழுசாக எரிய 25 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். மாடி காஸுக்குச் சுமார் 6 லிட்டர் போதும், அழுத்தமும் கம்மி. அதனால் ஜெட் துளையைப் பெரிதாக்கி, காற்று வழியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார்.

தீ மஞ்சளாக ஆடினால் காற்று போதவில்லை. பர்னரை விட்டு எகிறி அணைந்தால் காற்று ஜாஸ்தி. நீலமாக அடங்கி எரிந்தால் சபாஷ்!

மஞ்சள் தீயை அலட்சியம் செய்யாதீங்க. பாத்திரத்தில் கரி பிடித்தால் தேய்த்துக்கொள்ளலாம். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளையே சாய்த்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சிலிண்டர் அடுப்பில் மட்டும் இந்தக் கைவேலை வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்க!