காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி

மாத்தளை மாவட்டத்தில் கலேவெலைப் பகுதியிலுள்ள வஹகோட்டையை அங்குள்ள புனித அந்தோனியார் ஆலயத்தால் நாம் அறிவோம். கண்டி இராச்சிய காலத்தில் குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் அது. திருவிழாவுக்குச் சென்று திரும்பும் யாத்திரிகர் காணாத ஒன்றும் இப்பகுதியில் உண்டு. அது பயிர்ச்செய்கைக் காலத்து இரவுக் காவல். நெல்லையும் சோளத்தையும் கிழங்கையும் நம்பி வாழ்பவர்களுக்கு 'வல் ஊரா' எனச் சிங்களத்தில் அழைக்கப்படும் காட்டுப்பன்றி பெருந்தொல்லையாக உள்ளது. அது தின்பதைவிடக் கிளறி அழிப்பதே அதிகம். ஒரு கூட்டம் புகுந்தால் ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் உழைப்பு மண்ணாகிவிடும்.

இந்த மிருகத்தை இலேசில் வீழ்த்த முடியாது. நன்கு வளர்ந்த ஆண் பன்றியின் தோள்களையும் விலாவையும் கேடயம் போன்ற தடித்த தோல் மூடியிருக்கும். ஆண் பன்றிகள் ஒன்றோடொன்று பொருதும்போது கோரைப்பல் உள்ளே இறங்காமல் காப்பது இதுவே. கீழ்த்தாடைக் கோரைப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளரும். மேற்பற்களோடு உராய்ந்து கத்திபோல் கூராகும். சிறு சன்னங்கள் பட்டாலும் பன்றி ஓடிப் பற்றைக்குள் மறைந்துவிடும். காயப்பட்ட 'தனியன்' பன்றியைத் தேடிப் போவது உயிரோடு விளையாடுவதாகும். 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவில் நாய்களோடு வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயரும் நாய்களைக் கிழித்தெறியும் பன்றியின் மூர்க்கத்தைப் பதிவு செய்துள்ளார்.

பெருகுவதிலும் அது சளைத்ததல்ல. சினைக்காலம் ஏறக்குறைய மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை பிறப்பது சாதாரணம். ஒன்றிரண்டைக் கொல்வதால் தொல்லை தீர்ந்துவிடாது.

நேருக்கு நேர் வெல்ல முடியாத இந்த மிருகத்துக்கு மனிதன் மறைவாகப் பொறி வைக்கிறான். கட்டுத்துவக்கு, சுருக்குக் கம்பி, திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பி, இரைக்குள் வெடிமருந்து பொதிந்த 'ஹக்க பட்டாஸ்' என இவை பலவகை. பொறிக்குக் கண் இல்லை. விறகு பொறுக்கச் சென்றவர் காலை இழக்கிறார். மாடு தேடிப் போனவர் வீடு திரும்புவதில்லை. ஹக்க பட்டாசைக் கடித்த யானைக்குட்டி, வாய் சிதைந்து, உண்ண முடியாமல் நாட்கணக்கில் பட்டினியால் சாகிறது.

2020 மே மாதத்தின் ஒரே வாரத்தில் இரு சம்பவங்கள் நடந்தன. கேரளத்தில் வெடி வைத்த காயைக் கடித்த கருவுற்ற யானை ஆற்றுநீரில் நின்றபடியே இறந்தது. நமது மலையகத்தின் நல்லதண்ணிப் பகுதியில் கம்பியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, சிகிச்சை பலனின்றி மாண்டது. சிறுத்தையும் நரியும் பன்றிக் குட்டிகளைத் தின்று அவற்றின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துபவை. அவற்றைக் கொல்லும் பொறி நாளை பன்றிக்கே துணைபோகிறது.

அப்படியானால் விவசாயி கையைக் கட்டிக்கொண்டிருப்பதா? இல்லை. பன்றி பெரும்பாலும் வேலிக்கு அடியால் நுழையும். ஆகவே வேலியின் அடிப்பகுதியை நிலத்தோடு நெருக்கமாக அடைக்க வேண்டும். வயலோரப் பற்றைகளை வெட்டித் துப்புரவாக்கினால் அதற்குப் பதுங்க இடமிராது. பழைய சேலைகளை வேலியிற் கட்டுவதும் பல கிராமங்களில் கைக்கொள்ளும் வழி. அயலவர்கள் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுத்தால், பரணில் முறைவைத்துக் காவலிருப்பது சுலபமாகும். தனி ஒருவரின் வேலி பன்றியை அடுத்தவரின் காணிக்குத்தான் அனுப்பும். ஊர் கூடி அடைத்த வேலியே எல்லோரையும் காக்கும்.

பொறி வைத்தவர் நித்திரைக்குப் போகலாம்; பொறி உறங்குவதில்லை. விடியற்காலையில் அந்த வழியால் முதலில் நடப்பது நமது பிள்ளையாகவும் இருக்கலாம். இதனை எமது சங்கக் கூட்டங்களில் பேசுவோமா?